மாதாவைத் தூக்கியவர்கள்

கிரேக்கர் வந்தார்கள், அரபிகள் வந்தார்கள், நோர்மானியர் வந்தார்கள், ஸ்பானியர் வந்தார்கள். கோயில் மண்டபத்துச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த பலகைகளில் எல்லாரும் இருந்தார்கள். கோட்டை கட்டியவன், அதை இடித்தவன், ஊரைக் கொளுத்தியவன், கொளுத்தி முடித்து வரி கேட்டவன், ஒருவனையும் விடவில்லை. வாளோடு வந்தவனுக்கெல்லாம் அழகான எழுத்தில் ஒரு பலகை. நாங்கள் வாளியும் துடைப்பமுமாகப் போனவர்கள். எங்களுக்குப் பலகை இல்லை.

கனடாவில், மொன்றியல் நகரின் வில்லரே என்ற பகுதிக்கு வடக்கே இருக்கும் இத்தாலியர் கோயில் அது. சிசிலித் தீவின் ஒரு மலையூரிலிருந்து வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அங்கே ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். ஓகஸ்ட் மாதம் மாதா திருநாள் கொண்டாடுவார்கள். அந்த வருடம் திருநாளோடு ஊரின் வரலாற்றையும் புவியியலையும் காட்டும் கண்காட்சி ஒன்றையும் வைத்திருந்தார்கள். மொன்றியலுக்கு வருமுன் அந்த ஊரில்தான் நானும் என் கணவரும் எங்கள் நல்ல வயதையெல்லாம் கழித்தோம்.

பாறை உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர் அது. மேலே போக ஒரே ஒரு சாலை. பேருந்தில் முதல்தடவை ஏறியபோது வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தேன். வானம் வெளித்திருந்தால் வடக்கே கடல் மெல்லிய கோடாகத் தெரியும். மாரியில் மேகம் சன்னலால் உள்ளே வந்து குந்திவிடும். உச்சியில் ஊற்று இல்லாததால் அந்தக் காலத்தில் கழுதைகள் பள்ளத்துக்கு இறங்கித் தண்ணீர் சுமந்தனவாம். கந்தகச் சுரங்கம் மூடியதும் ஊரில் பாதி கப்பலேறியது. ஏறியவர்கள் மொன்றியலில் சீமெந்து குழைத்து வீடு வாசல் என்று நல்லாக வந்தார்கள். அது அவர்களுடைய உழைப்பு, குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் மற்றப் பாதி அங்கேயே கிடந்து கிழடு தட்டியது. அவர்களைக் குளிப்பாட்ட, ஊட்ட, இரவில் புரட்டிப் படுக்கவைக்க ஆள் தேவைப்பட்டது. மன்னாரிலிருந்து சிசிலியின் தலைநகர் பலெர்மோவுக்குப் போயிருந்த எங்களை மலைக்குக் கூப்பிட்டார்கள். எங்களைப் போல இன்னும் சில தமிழ்க் குடும்பங்களும் வந்தன.

நான் கிழவிகளைப் பார்த்தேன். என் கணவர் ஆடு மேய்த்தார், ஒலிவ் பறித்தார். பிறகு திருநாள் பவனியில் மாதாவின் சிலையையும் தூக்கினார். ஊரில் இளந்தாரிகளே இல்லாமல் போன ஒரு வருடம் பாதிரியார் எங்கள் கதவைத் தட்டி, "உங்கட ஆக்கள் வருவினமோ?" என்று கேட்டார். ஓடிப்போய்த் தோள் கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு திருநாளும் எங்கள் ஆட்கள்தான். தெரு செங்குத்தாக இறங்கும். இறங்கும்போது உயரமானவர்கள் முன்னால் நிற்கவேண்டும், அப்போதுதான் சுரூபம் நிமிர்ந்து நிற்கும். அடிவாரத்தில் இறக்கி வைத்து, ஏறும்போது உயரமானவர்கள் பின்னால் போவார்கள். என் கணவர் நெட்டை. அவருக்கு ஓய்வே கிடையாது.

மொன்றியலில் அந்தக் கோயில் தெரு தோசைக்கல் மாதிரிச் சமம். இங்கேயும் இவர்கள் நெட்டையர்களை முன்னால் விட்டுத் தொடங்குவார்கள், பாதி வழியில் பின்னால் மாற்றுவார்கள். மாதா முதலில் மல்லாந்து போவார், பிறகு குனிந்து வருவார். கேட்டால் பரம்பரை வழக்கம் என்பார்கள். முதல்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் என் கணவர் கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடைபாதையில் நின்றதைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் நாள் முழுக்கப் பெட்டி தூக்குகிற மனிதர் அவர். அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: ஒரு திருநாளாவது மாதாவைத் தூக்கவேண்டும். சங்கத் தலைவரிடம் நானும் கூடப் போனேன். தலைவர் மரியாதையானவர், நாற்காலி இழுத்துப் போட்டுக் கோப்பி தந்தார். பிறகு, "ஊர்க்காரர் மட்டும்தான் தூக்கலாம்" என்றார்.

தலைவர் பிறந்தது மொன்றியலில். ஊரை விடுமுறைக்குப் போய்ப் பார்த்தவர். என் மகள் அந்த ஊரில் பிறந்தவள், ஞானஸ்நானமும் அந்த ஊர்க் கோயிலில்தான். அதைச் சொன்னேன்.

"நீங்கள் எங்கள் ஊரின் விருந்தாளிகள். அதை நாங்கள் மறக்கமாட்டோம்" என்றார்.

"விருந்தாளியை ஆராவது பீ அள்ள விடுவினமோ?" என்று கேட்டேன். அவருடைய மொழியில்தான் கேட்டேன், அது அங்கே கிழவிகளிடம் படித்த மொழி. தலைவரின் முகம் சிவந்தது. என் கணவர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"பேசாம இரும். கோயில் விசயம். கோவத்தில கதைக்காதேயும்" என்று வீட்டுக்கு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். தலைவர்மேல் வந்ததைவிட எனக்கு இவர்மேல்தான் கூடக் கோபம் வந்தது. கொஞ்சமாவது ரோசம் வேண்டாமா?

திருநாளன்று கண்காட்சியைப் பார்க்கப் போனோம். கடைசிப் பலகையில் பெரிய வண்ணப்படம் ஒன்று. ஒடுங்கிய தெரு, மூடிய சன்னல்கள், ஒரு குஞ்சு குருமான் இல்லை. கீழே எழுதியிருந்தார்கள்: 'இன்று இங்கே யாரும் வாழ்வதில்லை.' சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு ஓகஸ்டில் தன் மருமகன் எடுத்த படம் என்று தலைவர் விளக்கிக்கொண்டிருந்தார். பின்னேரம் இரண்டு மணிக்கு ஊர் முழுக்க நடந்தும் ஒரு மனிதரைக்கூடக் காணவில்லையாம்.

ஓகஸ்டில், இரண்டு மணிக்கு! அந்த வெயிலில் அந்த ஊரில் நாய்கூட வெளியே வராது. கதவு சன்னலெல்லாம் அடைத்துவிட்டு ஊரே படுத்திருக்கும். தங்கள் ஊர் மத்தியானத்தில் தூங்கும் என்பதுகூட இவர்களுக்குத் தெரியவில்லை. தூங்கின ஊரைச் செத்த ஊர் என்று சுவரில் மாட்டி, முன்னால் நின்று அழுகிறார்கள்.

அப்போதுதான் படத்தில் இடப்பக்கம் இருந்த பால்கனியைக் கவனித்தேன். இரும்புக் கம்பியில் ஒரு மூலை வளைந்திருந்தது. எங்கள் வீடு. கொடியில், எங்கள் ஆம்பிளைகள் இடுப்பில் கட்டும் நீலக் கட்டம் போட்ட சாரம் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அந்த மூடிய சன்னலுக்குப் பின்னால் நான் மகளைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

"இஞ்சேருங்கோ, இஞ்ச ஒருக்கா வாங்கோ" என்றேன்.

என் கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார். கனநேரம் பார்த்தார்.

"என்ர சாரமெல்லோ இது" என்றார். தலைவரைக் கூப்பிட்டு அதையே அவருடைய மொழியில் சொன்னார். தலைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "யாரோ விட்டுப்போன பழைய திரைச்சீலையாக இருக்கும்" என்றார்.

என் கணவர் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்று மண்டபம் முழுக்கக் கேட்டது. "ஒருத்தரும் இல்லாத ஊரில மாதாவை ஆர் தூக்கினது? அவ தானா எழும்பி நடந்தவவோ?"

வெளியே மணி அடித்தது. எல்லாரும் மாதாவைத் தூக்கப் போனார்கள். நாங்கள் மெற்றோ எடுத்து வீட்டுக்கு வந்தோம்.

அடுத்த வருடம் திருநாள் வந்தபோது நானாகவே கேட்டேன், ஒருக்காப் போய்க் கும்பிட்டுவிட்டு வருவோமா என்று. அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது அவையின்ர மாதா" என்றார்.

ஊரை எடுத்தார்கள், போகட்டும். இவரிடமிருந்து மாதாவையும் எடுத்ததை நான் மன்னிக்கவே மாட்டேன்.