தளர்ந்த பாயில் திரும்பிய பந்து

எண்பத்து மூன்றில் இந்தியா உலகக் கிண்ணம் வென்றபோது எங்கள் ஒழுங்கையில் சீனவெடி கொளுத்தினோம். இந்தியா விளையாடினால் யாழ்ப்பாணத்தில் யார் பக்கம் நிற்பது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. ஐந்து வருடத்துக்குள் அதே நாட்டின் இராணுவம் எங்கள் பள்ளிக்கூட மதிலோடு மணல் மூட்டை அடுக்கி உட்கார்ந்திருந்தது. அப்போதும் நான் அந்தப் பக்கம்தான் நின்றேன். வீட்டில் சொன்னால் ஏச்சு விழும். வெளியில் சொன்னால் அடியே விழும். காரணம் ஒரே ஒருவன். கண்ணாடி போட்ட, மெலிந்த, என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்த ஒரு லெக் ஸ்பின்னர்.

அவனுடைய முதல் சர்வதேச ஆட்டம் சென்னையில், பொங்கலை ஒட்டிய நாட்களில் நடந்தது. எதிரே மேற்கிந்தியத் தீவுகள். உலகமே பயந்து பார்த்த அணி. எங்களுக்கு ஊரடங்கு, கரண்ட் இல்லை. செத்துப்போன பற்றறிகளை முற்றத்து வெயிலில் காயவைத்து, கொஞ்சம் உயிர் வந்ததும் ரேடியோவில் போட்டு, சென்னை வானொலியின் தமிழ் வர்ணனையைக் காதோடு ஒட்டிக் கேட்டேன். விக்கெட் விழ விழ எழும்பிக் குதித்தேன்.

"சத்தம் போடாதை. வெளியிலை அவங்கள் நிக்கிறாங்கள்" என்று அம்மா அறைக்குள் இருந்தபடியே சொன்னா.

வெளியில் நின்றவர்களும் இந்தியாக்காரர், நான் குதித்ததும் ஒரு இந்தியாக்காரனுக்காக. கடைசி விக்கெட் விழுந்தபோது பதினாறு விக்கெட்டோடு முதல் ஆட்டத்திலேயே அவன் உலக சாதனைக்காரன். நான் வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடினேன்.

நானும் லெக் ஸ்பின்னர். அந்த நாட்களில் பதினேழு வயதுப் பெடியனுக்கு யாழ்ப்பாணத்தில் மூன்று வழி இருந்தது. இயக்கத்துக்குப் போகலாம், கனடாவுக்குப் போகலாம், அல்லது பிடிபடலாம். எனக்கு நாலாவதாக லெக் ஸ்பின் இருந்தது. கொழும்பில் பத்தொன்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பயிற்சி அணி ஒன்று எடுப்பார்கள். அதில் தெரிவானால் தங்க விடுதி, படிக்கப் பள்ளிக்கூடம், தினமும் கிரிக்கெட். சென்றிக் காவல் இல்லை, சுற்றிவளைப்பு இல்லை. மற்றவர்கள் கனடாவுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரனைத் தேடித் திரிந்தபோது நான் பந்தும் கையுமாகத் திரிந்தேன்.

எங்கள் மைதானத்தில் புல்லுத்தரை கிடையாது. குடாநாட்டிலேயே கிடையாது. சீமெந்துக் கீலம் ஒன்று, அதன்மேல் விரிக்கத் தும்புப் பாய் ஒன்று. மற்றிங் என்போம். ஆட்டத்தன்று காலையில் அதைச் சுமந்து வந்து விரித்து, ஓரத்து வளையங்களில் அலவாங்கு என்கிற இரும்புக் கம்பியைக் கொளுவி இழுத்து, சுற்றிவர ஆணி அடிப்போம். இழுத்து அடித்தால் பந்து நேராக எகிறும். தளர விட்டால் பாய் பந்தைக் கவ்விப் பிடித்துத் திருப்பும். எங்களிடம் நல்ல வேகப்பந்துக்காரன் இல்லை, நான் இருந்தேன். ஆகவே நான் போடுகிற முனையில் இரண்டு ஆணியைக் குறைத்து அடிப்பது எங்கள் வழக்கம். களவு என்று யாரும் நினைக்கவில்லை. எல்லாப் பள்ளிக்கூடமும் தன் மைதானத்தில் தனக்கு வாய்ப்பாகத்தான் பாய் விரித்தது. அந்தப் பாயில் என் பந்து பாம்பு மாதிரித் திரும்பும். நானே பார்த்து மயங்குவேன்.

எங்கள் கப்டன்தான் விக்கெட் காப்பாளனும். குருநகர்க்காரன். தகப்பனோடு கடலுக்குப் போய் வலை இழுத்துவிட்டு, மீன்வாடை போகாத கையோடு பள்ளிக்கூடம் வருவான். அவனுக்கு என் நாயகனைப் பிடிக்காது.

"சாதனை செய்தது உன்ரை ஆள் இல்லை மச்சான். சென்னைப் பிச்."

"பிச் என்ன, கை வைச்சுப் பந்தைச் சுழட்டினதோ?"

"ஏன் சுழட்ட வேணும்? கொண்டுபோய்ப் போட்டாலே காணும். மிச்சத்தை மண் பாத்துக்கொள்ளும்."

"உனக்கு எரிச்சல். அவன் ஆமிக்காரன்ரை நாட்டுக்காரன் எண்டு."

"ஓம், எரிச்சல்தான். உவங்கள் எங்கடை படகுகளை மறிச்சு வைச்சிருக்கிறாங்கள். நீ என்னடா எண்டால் உவங்கள்ரை விக்கெட்டை எண்ணிக்கொண்டிருக்கிறாய்."

ஆனாலும் விட மாட்டேன். மணிக்கட்டு, காற்றில் மிதப்பு, கூக்ளி என்று அடுக்குவேன். ஒரு பந்தைக்கூட நான் கண்ணால் கண்டதில்லை. எல்லாம் காதால் கேட்டது.

அந்த வருடமே ஒரு நாள், நானும் கப்டனும் பயிற்சி முடிந்து சைக்கிளில் வந்தபோது இந்திய ஆமிச் சென்றியில் இறக்கினார்கள். வரிசையில் நிறையச் சனம். பெடியங்களின் கையைப் பிடித்துப் பார்ப்பார்கள். தோளில், முழங்கையில், விரலில் துவக்குப் பிடித்த தழும்பு இருக்கிறதா என்று. எனக்கோ மோதிர விரலின் பக்கத்துத் தோல் தடித்து, வெடித்துக் கிடந்தது. அன்று நின்றவன் தமிழ் பேசுகிற சிப்பாய்.

"என்னடா கை இது?"

"பந்து போடுறனான் சேர். லெக் ஸ்பின்."

"யார்ட்ட கதை விடுற?"

நான் அவசரத்தில் சாதனைக்காரனின் பெயரைச் சொன்னேன். அவன் மாதிரிப் போடுவேன் என்றேன். சிப்பாயின் முகம் மாறியது.

"அந்த மேட்ச் எங்க ஊர்ல நடந்துச்சுடா. நான் இங்க பங்கருக்குள்ள கெடந்தேன். ஒரு பால்கூடக் கேக்கல" என்றான். பிறகு, வரிசையில் நின்ற ஒரு அம்மாவின் கூடையிலிருந்து தேசிக்காய் ஒன்றை எடுத்து என்னிடம் எறிந்தான். "இந்த எலுமிச்சம்பழத்தப் போட்டுக் காட்டு."

தன் இரும்புத் தொப்பியைக் கழற்றித் தார்ரோட்டில் விக்கெட்டாக வைத்தான். அவ்வளவு சனமும் பார்த்துக்கொண்டு நின்றது. நான் நாலடி ஓடிவந்து, விரல் வெடிப்பு எரிய எரிய, முழுப் பலத்தோடும் சுழற்றிப் போட்டேன். தேசிக்காய் விழுந்தது. விழுந்த பாதையிலேயே நேராகப் போய் மணல் மூட்டையில் மோதியது.

"நேராத்தான் போகுது" என்று சிரித்தான் அவன். "இதுக்குப் போய் விரலைக் கெடுத்து வச்சிருக்க. போ, போ."

தப்பிவிட்டேன். என் நாயகன் எனக்குச் செய்த ஒரே உதவி அதுதான். வெட்கத்தில் முகம் எரிந்தது.

"தேசிக்காய்கூட உன்ரை சொல்லுக் கேக்கேல்லை" என்றான் கப்டன், சந்தி தாண்டியதும்.

"தார்ரோட்டிலை ஆரடா திருப்புவான்?"

அவன் பெடலை மிதித்து முன்னால் போனான். அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். கப்டனுக்கு ஆட்டத்தில் வெல்ல வேண்டும். நான் என்னைப் பற்றி என்ன நினைத்தால் அவனுக்கென்ன?

அடுத்த வருடம் சாதனைக்காரன் வெளிநாட்டுக்குப் போனான். அங்கே அவன் பந்து தரையைக் கடிக்கவில்லை. முதல் ஆட்டத்தில் அவனிடம் சுருண்டவர்களே தங்கள் ஊரில் அவனை அடித்தார்கள். ஒரு ஆட்டத்தில் அணியில் எடுத்தார்கள், அடுத்ததில் விட்டார்கள். நான் அவனுக்காக வழக்காடினேன். பீல்டிங் சரியில்லை, பிடி விட்டார்கள், இந்தியக் கப்டனுக்கு லெக் ஸ்பின் விளங்காது. என்னை நானே காப்பாற்றிக்கொண்டிருந்தேன் என்பது அப்போது தெரியாது.

இந்திய ஆமி போவதற்குச் சில மாதம் முன்பு கொழும்பிலிருந்து, தெரிவுக்கு வரும்படி எனக்கு அழைப்பு வந்தது. ரயிலேறிப் போனேன். வாழ்க்கையில் முதல்தடவை புல்லுத்தரையில் சப்பாத்து வைத்தேன். பச்சையாக, மெத்தென்று, கோயில் வாசலில் நிற்கிறமாதிரிக் கூச்சமாக இருந்தது. முதல் பந்து விரலை விட்டுப் போனபோது அதன் இரைச்சல்கூடக் கேட்டது. நல்ல பந்து என்று நினைத்தேன். விழுந்தது, நேராகப் போனது. எதிரே நின்ற பெடியன் என்னைவிடச் சின்னவன். ஒரு கால் முன்னுக்கு வைத்து, அலட்சியமாக என் தலைக்கு மேலால் அடித்தான். அடுத்ததும் நேர். அதற்கடுத்ததும் நேர். கூக்ளியும் நேர். நான் வீசிய எல்லாமே ஒரே பந்தாகிப் போனது. வேலிக்கு வெளியே போன பந்துகளைப் பொறுக்கி வந்தவர்கள் என்னைப் பார்க்காமல் தந்துவிட்டுப் போனார்கள்.

தெரிவாளர் வயதானவர், தொப்பி போட்ட சிங்களவர். என்னைத் தனியே கூப்பிட்டார். ஆங்கிலத்தில்தான் பேசினோம்.

"ஊரில் எதில் விளையாடுகிறாய்?"

"மற்றிங்."

"தளர விரிப்பார்களா?"

நான் பந்தைக் காற்சட்டையில் தேய்த்தேன். அவர் என் கையை வாங்கிப் பார்த்தார். இந்த விரலைப் பார்ப்பதற்கு எத்தனை பேர்!

"விரல் நல்ல விரல். தோளும் மணிக்கட்டும் சோம்பேறி. அவற்றின் வேலையைப் பாய் செய்துவிட்டது. போய் அதை இழுத்துக் கட்டு. இறுக்கிய பாயில் உன் பந்து திரும்பினால் ஓகஸ்ட் விடுமுறைக்கு வா. இன்னொருமுறை பார்க்கிறேன்."

தமிழன் என்பதால் தள்ளிவிட்டார்கள் என்று ஊரில் போய்ச் சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது! கேட்டவர்கள் எல்லோரும் நம்பியிருப்பார்கள், எனக்கும் மரியாதையாக இருந்திருக்கும். அந்த வசதியைக்கூட அந்த மனுசன் எனக்குத் தரவில்லை.

ஊருக்கு வந்ததும் கப்டனிடம் கேட்டேன்.

"மற்றிங்கை இறுக்கி அடிக்கச் சொல்லு. ரெண்டு முனையும்."

"பெரிய மட்ச் வருது. விசரே உனக்கு?"

"ஓகஸ்டுக்கு முதல் நான் பழக வேணும்."

"நீ ஓகஸ்டிலை கொழும்புக்குப் போவாய். நாங்கள் மார்ச்சிலை தோத்துப்போட்டு இஞ்சை இருக்கிறதோ?"

"என்ரை வாழ்க்கையடா."

"எங்கடை மட்சடா."

கடைசியில் இறுக்கித்தான் அடித்தார்கள். நான் முதல்நாளே கிரிக்கெட் மாஸ்டரிடம் போய், நியாயம் அநியாயம் என்று ஆங்கிலத்தில் பேசி, அவரைச் சம்மதிக்க வைத்துவிட்டேன். பெரிய மட்ச் என்பது அயல் பள்ளிக்கூடத்தோடு வருடத்துக்கு ஒருமுறை நடப்பது, ஊரே வரும். பறை, பான்ட் வாத்தியம், கொடி எல்லாம் வந்தது. என் பந்து எகிறியது, நேராக வந்தது, எல்லைக்குப் போனது. எங்கள் பக்கத்துக் கூட்டத்திலிருந்தே கத்தினார்கள்:

"உவனைக் கப்பலிலை ஏத்துங்கோடா, ஆமியோடை போகட்டும்!"

அந்த நாட்களில்தான் இந்திய ஆமி கப்பலேறிக்கொண்டிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். கப்டன் என்னிடமிருந்து பந்தை வாங்கினான். வாங்கி அடுத்தவனிடம் எறிந்தான். தோற்றோம். அதற்குப் பிறகு அவன் என்னோடு கதைக்கவில்லை. அணியிலும் என் பெயர் இல்லை.

ஆனியில் இலங்கை ஆமிக்கும் இயக்கத்துக்கும் மறுபடி சண்டை தொடங்கியது. ரயில் நின்றது, பாதை பூட்டியது. கடலுக்குப் போகத் தடை, கப்டனும் தகப்பனும் வீட்டோடு. ஒரு காலைநேரம் கப்டன் எங்கள் படலையில் சைக்கிளோடு நின்றான். சைக்கிள் சட்டத்தில் அலவாங்கு கட்டியிருந்தது.

"பந்து வைச்சிருக்கிறியோ?"

"ஓம்."

"வா. வீட்டிலை சும்மா இருந்தால் ஐயாவோடை சண்டைதான் வருது."

மற்றிங்கை நாங்கள் இரண்டு பேருமே சுமந்தோம், விரித்தோம், இழுத்தோம். வலை இழுத்த கை அவனுக்கு. பாய் மேளம் மாதிரி இறுகியது. ஒரு ஆணி விடாமல் அடித்தான். பிறகு ஒவ்வொரு காலையும் அதே வேலை. நான் போடுவேன், அவன் விக்கெட்டுக்குப் பின்னால் குந்தியிருப்பான், "நேர்" என்பான். மறுபடி போடுவேன். "நேர்." தோள் கழன்றுவிடும் போலிருக்கும். "நேர் மச்சான். தொடர்ந்து போடு."

சாதனைக்காரன் அந்தக் கோடையில் இங்கிலாந்தில் அடிவாங்கிக்கொண்டிருந்தான். சைக்கிள் டைனமோவில் ரேடியோவைக் கொளுவி, பெடலை மிதித்து மிதித்துக் கேட்டேன். பிறகு அவன் பெயர் அணியில் இல்லாமற் போனது. இப்போது அவன் இடத்தில் உயரமான இன்னொரு லெக் ஸ்பின்னர் வேகமாகப் போடுகிறான். எல்லோரும் அவனைத்தான் கொண்டாடுகிறார்கள். கண்ணாடிக்காரனுக்கு வெளிநாட்டிலிருந்து திரும்பியதும் யாராவது உண்மையைச் சொன்னார்களா, பழகிக்கொள்ள அவகாசம் கொடுத்தார்களா, எனக்குத் தெரியாது. முதல் ஆட்டத்து விக்கெட்டுகளை மட்டும் இன்றைக்கும் எல்லோரும் ஒப்புவிக்கிறார்கள்.

ஓகஸ்ட் வந்தது. கொழும்புக்குப் போக வழி இல்லை. வழி இருந்தாலும் அந்த மனுசன் என்னை ஞாபகம் வைத்திருப்பாரோ தெரியாது. அந்த மாதத்தில் ஒரு விடியற்காலை நான் போட்ட பந்து விழுந்து, கப்டனின் வலக் கையுறைக்கு வெளியே விலகியது. அவன் தடுமாறிப் பிடித்தான். அப்படியே நிமிர்ந்து நின்றான்.

"திரும்பினது."

"பகிடி விடாதை."

"அந்தோனியாராணை. இவ்வளவு." கையுறையைக் கழற்றி இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினான்.

"சத்தியமாவோ?"

"பொய் சொல்லி என்ன காணப்போறன்? இஞ்சை ஆர் இருக்கினம் பாக்கிறதுக்கு?"

பந்தை எறிந்தான். மறுபடி போட்டேன். மறுபடி திரும்பியது. மூன்றாவதுக்கு ஓடிவரும்போது கோட்டைப் பக்கமிருந்து, மேலே நின்று சுடுகிற ஆமி ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டது. அவன் கையுறைகளை வீசிவிட்டு மதிலுக்கு ஓடினான். நான் பந்தைப் போட்டுவிட்டேன். அது திரும்பியதோ இல்லையோ, பின்னால் பிடிக்க யாரும் இல்லை, எல்லை வரைக்கும் உருண்டு போனது. நான் அதை எடுக்கப் போனேன்.

"விடடா அதை, மடையா, ஓடி வா!" என்று அவன் மதிலடியில் இருந்து கத்தினான்.