வெள்ளிப் பசைக்குப் போட்ட பூட்டு

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். குண்டூரில் மூட்டை தூக்கினேன், பெஜவாடாவில் எச்சில் தட்டு கழுவினேன், செகந்திராபாத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் ஒதுங்கினேன். பட்டுத்துணி கட்டிய சட்டத்தில் மையை ஊற்றி, ரப்பர் பட்டையால் இழுக்கும் வேலை. அந்தக் கைப்பழக்கத்துக்காகத்தான் மல்லாபூர்ப் பக்கத்து அரசாங்கத் தொழிற்சாலை ஒன்று என்னைத் தினக்கூலிக்கு எடுத்தது. வெயிலில் மின்சாரம் தரும் தகடு செய்யப் போகிறார்களாம். சிலிக்கன் வில்லையின் மேல் தலைமுடி போல வெள்ளிக் கோடு போட வேண்டும். மின்சாரம் அந்தக் கோடு வழியாகத்தான் வெளியே வரும்.

வெள்ளிப் பசை ஒரு சின்ன டப்பாவில் கடல் தாண்டி வந்தது. வந்த அன்றே இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். இரண்டு அதிகாரி, இரண்டு சாவி. ஒருவர் வந்தால் மற்றவர் லீவு. நாலு மாதம் டப்பா அசையவில்லை. உலகத்துக்கெல்லாம் சும்மா கிடைக்கிற வெயில் எங்களிடம் மட்டும் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

ஒருவழியாகத் திறந்தபோது மேலே எண்ணெய் நின்றது. பத்திரிகைக் கடையில் தங்க மையும் இப்படித்தான். பொடி அடியில் போய் உட்கார்ந்துவிடும். கிளறாமல் இழுத்தால் மாப்பிள்ளை பெயரே தெரியாது.

"சார், அடியோட கிளறணும்" என்றேன்.

"நீ எந்தக் காலேஜ்?" என்றார் என்ஜினியர். மெட்ராஸ்காரர், பெரிய படிப்பு. "குச்சியை விட்டுக் கலக்க இது கூழ் இல்லப்பா. மேலாக எடுத்துப் போடு."

போட்டேன். சூளையில் சுட்டு எடுத்தால் கோடு இருக்க வேண்டிய இடத்தில் பழுப்புக் கறை. மின்சாரம் வரவில்லை. சோதித்துப் பார்த்து, வெள்ளியே இல்லை என்று கண்டுபிடித்தார்கள். அத்தனை படித்தவர்கள் கூடி யோசித்ததில், திருடியது நான்தான் என்று முடிவாயிற்று.

மூன்று நாள் கேட்டில் என் சோற்றுத் தூக்கைக் கிளறினார்கள். வாயைக்கூடத் திறக்கச் சொன்னார்கள். வெள்ளியைத் தவிர எல்லாவற்றையும் கிளற அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஸ்டோர்காரர் மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழர். பேச்சில் ஹைதராபாத் உருது கலந்திருக்கும். அவர் என்னைத் தனியே அழைத்தார்.

"ஒத்துக்கடா. போலீஸ் கீலீஸ் நக்கோ, வேணாம். கைக்குடா, எதுக்குடா இந்த வம்பு?"

"எண்ணெயை விட்டுட்டு வெள்ளியை மட்டும் எப்படிண்ணே திருடுறது?"

"ஹவ், ஆமால்ல... அது தெரிஞ்சா நான் ஏன் ஸ்டோர்ல உக்காந்திருக்கேன்?"

நாலாம் நாள் விசாரணை. மேஜையைச் சுற்றி ஐந்து பேர். நடுவில், சாட்சிப் பொருளாக, மறுபடி முத்திரை வைத்த டப்பா. வெள்ளியை யாரிடம் விற்றாய் என்று கேட்டார்கள். மேஜையில் கிடந்த ஸ்கேலை எடுத்து அரக்கை உடைத்து, டப்பாவின் அடியைச் சுரண்டினேன். களிமண் போல ஒரு கட்டி பெயர்ந்து வந்தது. அதில் கொஞ்சத்தை நகத்தால் ஸ்கேலில் தேய்த்தேன். மின்னியது.

ஐந்து பேரும் குனிந்து பார்த்தார்கள். நடுவில் இருந்தவர்தான் முதலில் பேசினார்.

"சீலை உடைக்க உனக்கு யாருய்யா அதிகாரம் கொடுத்தது?"

விசாரணை முடிவில், வெள்ளி கிடைப்பது அரிது, ஆகவே தகட்டின் விலை குறைய வழியில்லை என்று டெல்லிக்கு எழுதினார்கள். எனக்கும் ஒரு கடிதம் வந்தது, இங்கிலீஷில். ஸ்டோர்காரர் படித்துச் சொன்னார்: முத்திரையை உடைத்த ஒழுங்கீனத்துக்காக நாளை முதல் வேலை இல்லை.

"திருட்டுன்னு எங்கயாவது போட்டிருக்காண்ணே?"

இரண்டு தடவை மேலும் கீழும் பார்த்தார். "இல்லடா."

கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பட்டான்செருவில் ரசாயன டிரம் உருட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், அந்தப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன்.