பதினொரு கலயம் பொரித்த எண்ணெய்

எனக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருஷம் எங்கள் வீட்டுப் பத்தாயத்தில் நெல் இல்லை. ஆனால் பத்தாயத்துக்கு அடியில் பதினொரு மண்கலயங்கள் கழுத்துவரை நிறைந்து நின்றன. அத்தனையும் பலகாரம் பொரித்து மிஞ்சிய தேங்காயெண்ணெய். பள்ளிக்கூடத்து வாத்தியார் அல்லவா, சும்மா வைப்பேனா? ஒவ்வொரு கலயத்திலும் சாக்கட்டியால் எழுதி வைத்திருந்தேன்: ‘ஏத்தங்காய் உப்பேரி, முதல் சூடு’, ‘ஆமவடை, இரண்டாம் சூடு’, ‘முந்திரிக்கொத்து, சூடு மறந்துபோயிற்று’.

எதற்குச் சேர்த்தேன் என்று கேட்கலாம். சுதேசி சோப்பு காய்ச்சுவதற்கு. அதற்குச் சோடாக்காரம் வாங்க வேண்டும். நாகர்கோவிலுக்குப் போகும்போதெல்லாம் காரம் வாங்க நினைப்பேன், வெற்றிலை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். இதற்கிடையில் ஊரில் உள்ள கரப்பான் பூச்சிகள் எல்லாம் எங்கள் வீட்டுக்குக் குடிவந்தன. பத்தாயத்தைச் சுற்றித் தரை வழவழத்தது. ஒருநாள் என் மனைவி அங்கே சறுக்கி, கையில் இருந்த சோற்றுப்பானையோடு உட்கார்ந்தாள். எழுந்து, சேலையில் ஒட்டிய பருக்கைகளைத் தட்டிவிட்டு, அமைதியாகச் சொன்னாள்.

“ஒண்ணு நான் இங்க இருக்கணும், இல்லன்னா இந்தக் கலயம் இருக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க.”

யோசிக்கச் சொன்னாளே என்று யோசித்தேன். அதுதான் நான் செய்த பிழை. நான் யோசித்து முடிப்பதற்குள் அவள் தோவாளை பஸ்ஸில் ஏறிப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். கலயம் போன பிறகு ஆள் அனுப்பினால் வருவாளாம்.

மூன்று நாள் நானே பொங்கித் தின்றேன். பானைக்கு அடியில் கரி, நடுவில் அரிசி, மேலே கஞ்சி என்று ஒரே பானையில் மூன்று பதார்த்தம் வந்தது. நாலாம் நாள், சோப்பும் வேண்டாம் சுதேசமும் வேண்டாம், மனைவி வந்தால் போதும் என்று தீர்மானித்தேன். கொட்டிவிட மனம் வரவில்லை. எண்ணெயைத் தரையில் கொட்டுகிற குடும்பம் உருப்படாது என்பது ஒரு காரணம். நான் கஞ்சன் என்பது இன்னொரு காரணம். இனாமாகக் கொடுத்தால் புண்ணியமாவது கிடைக்கும் என்று முதல் கலயத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டு வண்டிக்காரரிடம் போனேன். வண்டி அச்சுக்குப் பூச அவருக்கு ஆகுமே!

அவர் கலயத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். “இன்னைக்கு என்ன கெழமை வே?” என்றார்.

பள்ளிக்கூடம் விடுமுறை என்றுதான் அன்று கிளம்பியிருந்தேன். சனிக்கிழமை. அவர் இரண்டடி பின்னால் போனார். சனி பிடித்தவன் எண்ணெயைத் தானம் கொடுத்தால், வாங்குகிறவன் வீட்டுக்குச் சனியும் கூடவே போகும் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி, வாத்தியாருக்கு மறந்துவிட்டது.

“ஒமக்கு ஏழரை நடக்கா?”

அதெல்லாம் இல்லை, பெண்டாட்டி போய்விட்டாள், சோறில்லை, ராத்திரி கரப்பான் மேலே ஏறுகிறது, அவ்வளவுதான் என்றேன்.

“பெறவு நடக்குன்னு சொல்லும்” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. மறுநாள் ஞாயிறுதானே என்று போனேன். சனியன்று கிளம்பிய எண்ணெய் ஞாயிறன்று சுத்தமாகிவிடாதாம். எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிற பிச்சைக்காரர் ஒருவர் கோயில் வாசலில் இருந்தார். என்னைக் கண்டதும் திருவோட்டைக் கவிழ்த்து வைத்தார். கோயிலில் பூசை செய்யும் போற்றியிடம் விளக்குக்குக் கொடுக்கலாம் என்றால், ஆமவடை பொரித்த எண்ணெயில் சாமிக்கு விளக்கா என்று அவர் கேட்டதை இங்கே முழுதாக எழுத முடியாது.

திங்கட்கிழமை சாயங்காலம் கலயத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். மீன் விற்றுவிட்டுக் கடற்கரைக்குத் திரும்பும் அம்மாள் ஒருத்தி, கூட மூன்று பெண்களோடு வந்தாள். எங்கள் தெருவில் யாரும் மீன் தொடமாட்டார்கள் என்பதால் கூவாமல் நடந்துபோகிறவள். என் முகத்தைப் பார்த்து நின்று, என்ன கலயம் என்று கேட்டாள். சொன்னேன். சனியையும் மறைக்காமல் சொன்னேன்.

“எங்க கரைக்கு அவன் வரமாட்டான் வாத்தியாரே. உப்புக்காத்து ஒத்துக்கிடாது. எண்ணெயத் தாரும், வள்ளத்துக்குப் பூசினா மரம் குடிச்சுக்கிடும்.”

கால்மணி நேரத்தில் பத்தாயத்தடி காலி. நாலு மீன் கூடைகள் நாலு தலையில் ஏறி என் வீட்டிலிருந்து வரிசையாக வெளியே போயின. நான் நன்றிப் பெருக்கில், அடிக்கடி வந்துபோகும்படி தெருவே கேட்கச் சொல்லி வழியனுப்பினேன்.

தெரு கேட்டது. மனைவிக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதே செய்தி தோவாளைக்குப் போய்விட்டது. அது என் செய்தி அல்ல, தெருவின் செய்தி: பெண்டாட்டி இல்லாத வீட்டில் வாத்தியார் நாலு கூடை மீன் இறக்கிவிட்டார்.

மறுநாள் மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினாள். என்னைப் பார்க்காமல் நேரே அடுக்களைக்குப் போய்ச் சட்டிகளை ஒவ்வொன்றாக முகர்ந்தாள். பிறகு என்னிடம் வந்து, “வாயத் தெறங்க” என்றாள். அறுபது பிள்ளைகளை வாய் பொத்தி உட்காரவைக்கிறவன், அண்ணாக்கு தெரியத் திறந்தேன். கஞ்சி வாடைதான். அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. பத்தாயத்தடியில் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

“எண்ணெயத்தானே குடுக்கச் சொன்னேன். எங்கம்மா தந்த கலயத்தையும் சேத்தா குடுத்திய?”

அந்த வாரக் கடைசியில் மீன்காரம்மாள் பதினொரு கலயத்தையும் மணல் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து தந்தாள். கடற்கரையில் நாலு நாள் இருந்த கலயம் எப்படி மணக்கும்! வேறெதற்கும் ஆகாது என்று பார்த்துவிட்டு, என் மனைவி அவற்றைப் பழையபடி வரிசையாக வைத்தாள். அன்று வடை சுட்ட எண்ணெயை அவளே வடிகட்டி முதல் கலயத்தில் ஊற்றினாள். ஆனால் இடம் பத்தாயத்தடி இல்லை, கொல்லைப்புறம்.

அதிலிருந்து மீன்காரம்மாள் எண்ணெய்க்காகக் கூடையோடு எங்கள் வீட்டில் நின்று போவது வழக்கமாயிற்று. நான் மீன் தின்பதில் தெருவுக்குச் சந்தேகமே இல்லை. கொஞ்ச நாளில், சந்தனம் கலையாத நெற்றியோடு எங்கள் தலைமை ஆசிரியர் என்னைத் தனியே அழைத்தார். இருபக்கமும் பார்த்துக்கொண்டு, நெய்மீன் எந்த மாசம் ருசியாக இருக்கும் என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் மேலதிகாரி சந்தேகம் கேட்கும்போது வாத்தியார் தெரியாது என்று சொல்லலாமா? ஆவணி என்றேன்.