மிளகு மாதத்தில் போன ஆராய்ச்சி

எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். கல்வியியலில் முனைவர் பட்டம் படிக்க நாடே போட்டி போடும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும், எங்கள் மலையில் செம்மேடு பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களிடம்கூட நானே போய்ச் சொன்னேன். ஊருக்கு வரும்போதெல்லாம் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் பஸ் ஏறுவேன். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் அது ஆடிக்கொண்டே வரும்.

மலைப் பிள்ளைகள் ஏன் பள்ளிக்கு ஒழுங்காக வருவதில்லை என்பதுதான் என் ஆராய்ச்சி. இரண்டு வாரத்தில் முப்பது பெற்றோரிடம் பேசி முடிக்க வேண்டும். இல்லையென்றால் ஆய்வுக்குழு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். ஒரு வருடம் வீண். தை மாதம் என்று நானே தேதி குறித்தேன். "மண்ணின் பெண் அல்லவா!" என்று என் நெறியாளர் மெச்சினார்.

மண்ணின் பெண் வந்து பார்த்தால் வீடெல்லாம் பூட்டிக் கிடந்தது. ஊரே மிளகு பறிக்கப் போயிருந்தது. மிளகுக் காட்டில் வளர்ந்துவிட்டு மிளகு மாதத்தை மறந்திருந்தேன்.

காட்டுக்கே போனேன். மரத்தில் சாய்த்த ஒற்றை மூங்கில் ஏணியின் உச்சியில் சின்னம்மா நின்றிருந்தார்.

"சின்னம்மா, கொஞ்சம் எறங்கி வாங்க. கேள்வி கேக்கோணும்."

"எறங்குனா பொழுது போயிரும் கண்ணு. ஏணியப் புடிச்சுக்கிட்டே கேளு."

இரண்டு கையும் ஏணியில். பேனா பிடிக்க வழியில்லை. மனப்பாடமாகக் கேட்டேன்.

"போன தை மாசம் புள்ளைய ஏன் பள்ளிக்கூடம் அனுப்பல?"

மேலே சிரிப்புச் சத்தம்.

"அஞ்சாவது படிக்கறப்ப நீ ஏன் சாமி போகல? மாசம் பூரா இதே ஏணியத்தான புடிச்சுக்கிட்டு நின்ன? அப்பக் கழுத்துல அட்ட இல்ல, அவ்வளவுதான்."

எனக்கு முகம் சுருங்கிப்போனது. அதை அடியோடு மறந்திருக்கிறேன்.

அப்புறம் யார் பதில் சொன்னாலும் அதற்கு ஏணி பிடிப்பதுதான் கூலி என்றாகிவிட்டது. தோள் வலியோடு முப்பது பேரையும் முடித்தேன். அட்டை இடைஞ்சலாக இருந்ததால் இரண்டாம் நாளே பைக்குள் போய்விட்டது.

அந்த முப்பது படிவங்களுக்கும் மேலே வைக்க, எனக்கென்றும் ஒன்றை நிரப்பினேன். ஐந்தாம் வகுப்பு, ஒரு மாதம் வரவில்லை. காரணம் என்ற இடத்தில் வறுமை, அறியாமை என்று நான் அச்சடித்து வைத்திருந்த எதுவும் பொருந்தவில்லை. அந்த மாதம் பள்ளிக்கூடத்தை நான் நினைக்கக்கூட இல்லை. ஏணியை அசையாமல் பிடிக்கிறேன் என்ற பெருமைதான் எனக்கு இருந்தது.

ஓரத்தில் கையால் எழுதினேன்: "விட்டால் சின்னம்மா விழுந்துவிடுவார்."