ஒரு நாற்காலிக்கு இரண்டு ஜெபம்

ஹன்னா, ஜோயல்,

அப்பா என்ன வேலை செய்கிறார் என்று யாராவது கேட்டால் 'பாஸ்டர்' என்று சொல்லிவிடுகிறீர்கள். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் உங்களுக்குச் சொல்லத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் நான் செய்வதைப் பார்க்கிறீர்கள். வெள்ளிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் செய்வதைப் பார்த்ததில்லை, அந்த நேரம் உங்களுக்குப் பள்ளி. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். மூன்றாம் பாரத்தோடு படிப்பை விட்டு லோரி ஓட்டியவன் எழுதுவது. பிழை இருந்தால் ஹன்னா திருத்திக்கொள்ளட்டும்.

மெஷின் மன்னிக்காது

கோலாலம்பூரில் அரசாங்க அலுவலகங்களுக்கு வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை நீளம். முஸ்லிம் ஊழியர்கள் பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுதுவிட்டு வருவதற்காக விடுவது. மற்றவர்களுக்கும் அதே இடைவேளைதான். சிலர் கடைகளைச் சுற்றுவார்கள், சிலர் காரில் சீட்டைச் சாய்த்துத் தூங்குவார்கள். நம் கிறிஸ்தவ ஊழியர்கள் சிலர், கூடி ஜெபிக்க ஓர் இடம் வேண்டும் என்று கேட்டார்கள். புடவைக் கடைக்கு மேல் மாடியில் ஓர் அறை கிடைத்தது. சபை என்னை அனுப்பியது.

முதல் நாள், கிள்ளானில் பேசுவதுபோல் நீட்டிப் பேசினேன். பாதியில் முன் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் கையை உயரத் தூக்கினார். செய்தி மனதைத் தொட்டுவிட்டது என்று நினைத்து நான் இன்னும் சத்தமாகப் பேசினேன். அவர் காட்டியது கைக்கடிகாரத்தை.

அவர்தான் ஆரோக்கியம் அங்கிள், ஓய்வு பெற்ற தலைமை கிராணி, ஆபீஸ் கடிதம் எழுதியே காலம் கழித்தவர். கூட்டம் முடிந்ததும் அருகில் வந்து சொன்னார்:

"பாஸ்டர், நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. ஆனா ரெண்டே முக்காலுக்கு இவங்க எல்லாரும் ஆபீஸ்ல கைரேகை வைக்கணும். கர்த்தர் மன்னிப்பாரு, மெஷின் மன்னிக்காது லா."

அன்றிலிருந்து என் பிரசங்கம் சுருங்கியது. சாப்பாட்டை எப்போது வைப்பது என்பதும் பெரிய பிரச்சினை. முதலில் வைத்தால் வசனத்தின்போது தூங்கினார்கள். கடைசியில் வைத்தால், பின்னால் மூடி வைத்திருந்த மீன் பொரியல் வாசம் என்னைவிட நன்றாகப் பிரசங்கம் செய்தது. பாட்டு, சாப்பாடு, ஜெபம், தூக்கம் வருவதற்குள் கொஞ்சம் வசனம் என்று ஒரு வழியாக வரிசை அமைந்தது.

அரசாங்க ஊழியர்கள் மாடி ஏறி வந்தாலும் கிரேடைக் கீழே விட்டுவிட்டு வருவதில்லை. எல்லாரும் பிரதர், சிஸ்டர்தான். ஆனால் ரூபி என்று ஓர் அதிகாரி வருவார். அவரை மட்டும் 'புவான் சிஸ்டர்' என்பார்கள். அலுவலகத்தில் மேலதிகாரியைப் புவான் என்று கூப்பிட்ட வாய், மாடிப்படியில் மாறிவிடாது. ஆரோக்கியம் அங்கிள் ஜெபித்தால் அது ஆபீஸ் கடிதம்தான்: "பரலோகப் பிதாவே, மேற்கண்ட விஷயம் சம்பந்தமாகப் போன வெள்ளிக்கிழமையே தங்கள் சமூகத்தில் தெரிவித்திருந்தோம். இதுவரை பதில் கிடைக்கவில்லை."

டிரான்ஸ்பர் பாஸ்டர்

இவர்களுடைய ஜெபக் குறிப்புகளில் நோய் ஒன்று, பிள்ளைகளின் பள்ளிச் சோதனை ஒன்று, மீதி எல்லாம் டிரான்ஸ்பர். ஒரே கிரேடில் இருக்கும் இரண்டு பேர் இடம் மாறிக்கொள்ளச் சம்மதித்தால் இலாகா அநேகமாகத் தடுக்காது. மலாயில் அதற்கு 'சுகா சாமா சுகா' என்று பெயர்: உனக்கும் விருப்பம், எனக்கும் விருப்பம்.

ஒருமுறை ஈப்போவுக்குப் போக விரும்பிய ஒருவரும், ஈப்போவிலிருந்து வர விரும்பி, லீவில் வந்திருந்த ஒருவரும் எங்கள் அறையில் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். நான் அறிமுகம் செய்து வைத்தேன், அவ்வளவுதான். இருவருக்கும் மாற்றம் கிடைத்தது. மறு மாதமே 'அந்த பாஸ்டர் ஜெபிச்சா டிரான்ஸ்பர் கிடைக்கும்' என்ற பேச்சு பல அலுவலகங்களுக்குப் பரவிவிட்டது. கோயிலுக்குப் போகிறவர்களும் வந்தார்கள், எங்கேயும் போகாதவர்களும் வந்தார்கள். ஒருவர் படியிலேயே நிறுத்திக் கேட்டார்:

"பாஸ்டர், புத்ராஜெயாவுக்கு எத்தனை வாரம் ஜெபிக்கணும்?"

"அண்ணே, நான் ஏஜென்ட் இல்ல. அப்படி எல்லாம் கணக்கு கிடையாது."

"சரி, சீக்கிரம் வேணும்னா உபவாசமா?"

அசையாத அக்கா

ஸ்டெல்லா அக்கா ஓர் இலாகாவில் கவுன்டர் கிராணி. வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பருப்புக் குழம்பு அவர் பொறுப்பு. அவருடைய கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. எங்கள் மாடியிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் டயாலிசிஸ் நிலையத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் படுப்பார். கூட்டிக்கொண்டு வருவதும் கூட்டிக்கொண்டு போவதும் அக்காதான். ஒருநாள் என்னிடம் ரகசியமாகச் சொன்னார்:

"பாஸ்டர், எங்க கவுன்டர்லேர்ந்து ஒரு ஆளை கோத்தா பாருவுக்கு அனுப்பப் போறாங்களாம். ரொம்ப வருஷம் இருந்தது நான்தான். ஆபீஸ்ல யாருகிட்டயும் வாயத் தொறக்கல. தொறந்தா அதுவே உறுதியாயிடும். நீங்க ஜெபிங்க."

ஜெபிக்கிறேன் என்றேன்.

டேனியலையும் சொல்ல வேண்டும். அவர் அதே இலாகாவில், அதே கிரேடில், கிளந்தான் மாநிலத்துக் கோத்தா பாருவில் வேலை செய்தார். மனைவியும் கைக்குழந்தையும் கிள்ளானில். கிளந்தானில் வெள்ளியும் சனியும் வாரவிடுமுறை, ஞாயிறு வேலை நாள். அதனால் ஞாயிறு ஆராதனை அவருக்குக் கிடையாது. வியாழன் இரவு பஸ் ஏறி, வெள்ளிக்கிழமை எங்கள் மாடிக்கு வந்து, அதற்குப் பிறகுதான் கிள்ளானுக்குப் போவார். குழந்தை அவரைப் பார்த்தாலே வேற்றாள் என்று அழுகிறது என்பார். மாற்றம் கிடைக்க ஜெபிக்கச் சொன்னார். அவருக்கும் ஜெபிக்கிறேன் என்றேன். இருவரும் கேட்டது ஒரே நாற்காலி என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வரிசையில் நின்றபடியே டேனியல் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"நல்ல செய்தி பாஸ்டர். இங்கேர்ந்து ஒரு ஆள் அங்க போனா, நான் இங்க வந்துடலாமாம். கவுன்டர்ல ஒரு அக்கா ரொம்ப வருஷமா அசையாம உக்காந்திருக்காங்களாம். அவங்கள கர்த்தர் அசைக்கணும்னு எல்லாரும் ஜெபிச்சுக்குங்க."

பருப்புச் சட்டிக்குப் பின்னால் ஸ்டெல்லா அக்காவின் கரண்டி நின்றது.

"பிரதர், அந்த அசையாத அக்கா நான்தான்."

ஆரோக்கியம் அங்கிள் பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். டேனியல் இலையை நீட்டியபடியே நின்றார். அன்று அவர் இலையில் பருப்பு விழவில்லை, ரசம் மட்டும் விழுந்தது. அவர் மூலையில் போய் உட்கார்ந்து சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அக்காவே சட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

"இந்தாங்க, பருப்பு. எங்க வீட்டுக்காரருக்கு டாக்டர் இதெல்லாம் கொறைக்கச் சொல்லிட்டாரு. டயாலிசிஸ். நீங்களாவது ஒழுங்கா சாப்பிடுங்க."

டேனியல் இலையை மூடிவிட்டு எழுந்தார்.

கேபிள்

அந்தக் கவுன்டருக்கு மேலே அதிகாரி யார் தெரியுமா? நம்முடைய புவான் சிஸ்டர் ரூபிதான். யாரை அனுப்பலாம் என்று பெயர் எழுத வேண்டியவர் அவர். அந்த இடத்துக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தது.

செல்வாக்குக்கு இந்த ஊரில் கேபிள் என்று பெயர். அந்த வாரம் முழுக்க எனக்குப் போன். ஸ்டெல்லா அக்கா, "ஒரே ஒரு வார்த்தை பாஸ்டர், நீங்க சொன்னா அவங்க தட்ட மாட்டாங்க" என்றார். டேனியலின் மனைவி அழும் குழந்தையைப் போனுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "இதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார். ஆரோக்கியம் அங்கிள், "ரெண்டு பேருக்கும் நீங்கதான் கேபிள். ஆனா ஒரு கேபிள்ல ரெண்டு கரண்ட் ஓடாது, பாத்துக்குங்க" என்றார்.

ஃபெடரல் ஹைவே நெரிசலில் காருக்குள் நான் ஒத்திகை பார்த்தேன். ஸ்டெல்லா அக்காவுக்காக ரூபியிடம் பேசிப் பார்த்தேன், நியாயமாக இருந்தது. டேனியலுக்காகப் பேசிப் பார்த்தேன், அதுவும் நியாயமாக இருந்தது. ஷா ஆலம் தாண்டும்போது ஒன்று புரிந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால், அடுத்த வாரத்திலிருந்து ஜனங்கள் ஜெபிக்கப் படியேற மாட்டார்கள், ரூபியைப் பார்க்கத்தான் ஏறுவார்கள். ரூபி ஏறவே மாட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் ரூபியிடம் எதையும் கேட்கவில்லை. எல்லாரும் இறங்கிய பிறகு ரூபி மட்டும் கதவருகே நின்றார்.

"பாஸ்டர், நீங்க எப்ப கேப்பீங்கன்னு பயந்துகிட்டு ரெண்டு வாரமா பின்னாடியே உக்காந்திருக்கேன்."

"என்ன கேக்கணும் புவான்?"

"பாத்தீங்களா, நீங்களும் புவான்." சிரித்தார், ஆனால் கண் கலங்கியிருந்தது. "எல்லாரும் என்கிட்ட கேக்கறாங்க. எனக்கு என்ன வேணும்னு இந்த ரூம்ல யாரும் கேட்டதில்ல. யாரு பேர எழுதினாலும் ஒரு வீடு அழும். அதுக்கு ஜெபிங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை டேனியல் வந்திருந்தார். அவர், ஸ்டெல்லா அக்கா, ரூபி மூவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்து ஜெபித்தேன். "கர்த்தாவே, இந்த ஒரு நாற்காலியை இரண்டாக்க எங்களால் முடியாது. எங்கள் கண்ணில் படாத வழி இருந்தால் காட்டும்." அதோடு ஆமென் சொல்லிவிட்டேன்.

"ஜெபம் கொஞ்சம் பொதுவா இருந்துச்சு பாஸ்டர்," என்றார் ஆரோக்கியம் அங்கிள்.

"பேரச் சொல்லி ஜெபிச்சிருக்கலாம்," என்றார் ஸ்டெல்லா அக்கா.

"ஆமா," என்றார் டேனியல். அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

லிஃப்ட் வாசலில்

மறு வாரம் ஸ்டெல்லா அக்கா சட்டியைக் கீழே வைக்காமலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டார். போன வெள்ளிக்கிழமை இங்கிருந்து நேரமாகிவிட்டதால் ஓடியிருக்கிறார். அலுவலக லிஃப்ட் வாசலில், பள்ளிவாசலிலிருந்து அதேபோல் மூச்சு வாங்க ஓடி வந்தவர் அஸ்மி. பல வருஷமாக அக்காவுக்கு அடுத்த கவுன்டரில் இருப்பவர், கிளந்தான்காரர்.

"'ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எங்கதான் ஓடற ஸ்டெல்லா?'ன்னு மலாய்ல கேட்டாரு. 'ஜெபத்துக்கு'ன்னேன். 'எதுக்காக?'ன்னாரு. மூச்சு வாங்குதா, வாய் தவறி உண்மையச் சொல்லிட்டேன் பாஸ்டர். 'என்னை கோத்தா பாருவுக்கு அனுப்பக் கூடாதுன்னு.' லிஃப்ட் தொறந்துச்சு. மனுஷன் ஏறல. 'அங்க இடம் இருக்கா? நான் எத்தன வருஷமா கேட்டு, மாத்திக்க ஆள் இல்லன்னு திருப்பிட்டாங்க. அப்புறம் கேக்கறதயே விட்டுட்டேன். அம்மா அங்க தனியா இருக்காங்க. ஒவ்வொரு ஜும்ஆ தொழுகைலயும் இதத்தான் கேட்டுட்டு வரேன்'னாரு. லிஃப்ட் மூடிடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ரெண்டு பேரும் லேட்டு. மெஷின் மன்னிக்கல. காரணம் கேட்டு புவான் கூப்பிட்டாங்க. காரணத்தச் சொன்னோம். அவங்க நாற்காலிலேர்ந்து எந்திரிச்சுட்டாங்க."

பின் வரிசையிலிருந்து ரூபி, "எந்திரிக்கல, கொஞ்சம் நகந்தேன்," என்றார். அன்றிலிருந்து அவரை யாரும் புவான் சிஸ்டர் என்று கூப்பிடவில்லை. ரூபி அக்கா ஆகிவிட்டார்.

அஸ்மிக்கும் டேனியலுக்கும் சுகா சாமா சுகா முடிந்தது. இப்போது டேனியல் ஸ்டெல்லா அக்காவுக்கு அடுத்த கவுன்டரில் இருக்கிறார். அக்கா நாள் முழுக்க அவர் வேலையைத் திருத்துகிறாராம். போன வாரம் டேனியல் மெதுவாக என்னிடம் வந்து, "பாஸ்டர், ரெண்டு கவுன்டர் தள்ளி உக்கார ஜெபிங்க" என்றார்.

பிள்ளைகளே, இந்த ஊழியத்தில் நான் கற்றது கொஞ்சம்தான். அரசாங்க ஊழியரிடம் போகும் பாஸ்டர் கேபிள் ஆகக் கூடாது. கூடவே, மேலே இருப்பவருக்கும் ஒரு ஜெபக் குறிப்பு இருக்கும், அதை நாம்தான் கேட்க வேண்டும்.

அஸ்மி ஊருக்குப் புறப்பட்ட அந்த வெள்ளிக்கிழமை, எல்லாரும் கைரேகை வைக்க ஓடிவிட்டார்கள். நான் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விளக்கை அணைத்தேன். கதவுவரை போய்த் திரும்பி வந்தேன். மேலே இருந்த நாற்காலியை எடுத்துக் கீழே போட்டு உட்கார்ந்து, கோத்தா பாருவில் மகனுக்காகக் காத்திருக்கும், பெயர்கூடத் தெரியாத ஓர் அம்மாவுக்காக ஜெபித்தேன். அன்று எனக்குக் கடிகாரம் காட்ட யாரும் இல்லை.