லைசன் இல்லாத டிவி

ஊர் உலகத்து விசித்திரச் சட்டங்களைப் படித்துச் சிரிக்கிறார்கள். மலாய் நாட்டில் எங்களுக்கும் ஒன்று இருந்தது: வீட்டில் டிவி பார்க்க லைசன் வேண்டும். எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி வீட்டுச் சன்னலில் நின்று பார்த்து வளர்ந்த எனக்கு அது தெரியாது. புந்தோங் டவுனுக்கு வேலைக்கு வந்து தனியாக அறை எடுத்து, பழைய டிவி ஒன்று வாங்கிய பிறகுதான் பட்டறையில் கூட வேலை செய்தவர் ஒருவர் கேட்டார்.

"லைசன் எடுத்தியா மச்சான்? வீடு வீடா வந்து செக் பண்றாங்க லா."

அவர் சிரித்தார். நானோ ஆறாம் வகுப்போடு நின்றவன். மலாய் மொழியில் விண்ணப்பப் பாரத்தை நிரப்பவும் பயம்.

அதன் பிறகு யார் கதவைத் தட்டினாலும் டிவியை அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பேன்.

நான்கு மாதம் கழித்து, துணிந்து தபால் நிலையத்தில் லைசன் எடுத்துத் திரும்பினேன். வாசலில் பக்கத்து வீட்டு அக்கா.

"நீங்க வீட்டுலயே தங்க மாட்டீங்களா தம்பி? புள்ளைக்குக் காது குத்துனப்ப சாப்பிடக் கூப்பிட மூணு தடவ வந்து தட்டுனேன். அப்புறம் விட்டுட்டேன்."

அன்று லைசனைக் கதவருகே ஒட்டி, டிவி சத்தத்தை நன்றாகக் கூட்டி வைத்தேன். படம் முடியும்வரை யாரும் தட்டவில்லை.