மைதானத்தில் மூட்டிய அடுப்பு

புசல்லாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நான்தான் தொழிலாளர் தலைவர். மாலை போட வந்தால் கழுத்தை நீட்டுவதும், தோட்டத்தை நடத்தும் துரை எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பதும்தான் என் தலைமை. இரண்டிலும் நான் கெட்டிக்காரன்.

ஓர் அடைமழையில் மண் சரிந்து, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான மேல் லயத்தில் பாதியை மூடிவிட்டது. ஆட்கள் பகலில் வேலைக்குப் போயிருந்ததால் உயிர் பிழைத்தோம். குடும்பம் குடும்பமாகப் பிள்ளைகள் பந்தடிக்கும் மைதானத்தில் கூடாரம் போட்டோம். கொழுந்து பறிக்கும் கமலாக்கா எல்லாருக்கும் சமைக்க என்னிடம் கோயில் அண்டாவைக் கேட்டார்; அது இருக்கும் அறையின் சாவி என்னிடம்தான் இருந்தது.

"திருவிழாவுக்குத்தானே அத வெளிய எடுப்போம்" என்றேன்.

"சாமிக்கு மட்டுந்தான் பசிக்குமா தலைவரே? சாவியக் குடுங்க."

கொடுத்தேன். பதிலுக்கு அகப்பையை என் கையில் திணித்தார்.

மழை விட்டதும் துரை வந்தார். மைதானத்தைக் காலி செய்து, மிஞ்சிய லயத்துக்கே திரும்பச் சொன்னார்.

"பின்சுவத்து வெடிப்புல என் கை முழுசா போவுதுங்க. நீங்க ஒரு ராத்திரி அங்க படுங்க, மறுநா நாங்க வர்றோம்" என்றார் கமலாக்கா.

துரை என் பக்கம் திரும்பினார். "சரிங்க" தொண்டை வரை வந்துவிட்டது. சனம் முழுக்க என் வாயையே பார்த்தது. கமலாக்கா மட்டும் பார்க்கவில்லை. அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினார்.

"சோறு இன்னும் வேகலைங்க துரை" என்றேன். குரல் கோழிக்குஞ்சு மாதிரித்தான் வந்தது. "வெந்தாலும் போக மாட்டோம்."

அன்று அசையாததால்தான் இன்று அந்த மைதானத்தில் எங்கள் வீடுகள் நிற்கின்றன. பந்தடிக்க இடமில்லை என்று பிள்ளைகள் என்னைத்தான் திட்டுகிறார்கள். மாலையும் இன்னும் என் கழுத்துக்கே வருகிறது. அண்டா அறைச் சாவி மட்டும் கமலாக்காவின் இடுப்பில் இருக்கிறது. நான் திருப்பிக் கேட்கவில்லை.